கடல் ஏறிய கோடு

ஜூன் 4, ஞாயிறு

செயின்ட் ஓடில் தீவுக்கு வந்து இன்றோடு ஏழு மாதம். செண்பகத்துக்கு இங்குள்ள மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்தும் வேலை. எனக்கு அவளோடு இருக்கும் வேலை. விசாத் தாளில் 'சார்ந்திருப்பவர்' என்று போட்டிருக்கிறது. முப்பத்தோரு வருஷம் நில அளவைத் துறையில் தென்காசிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே சங்கிலி பிடித்து நடந்தவனுக்கு அறுபது வயதில் கிடைத்த பதவி உயர்வு இது.

காலையில் துணி துவைத்தேன். கடல் காற்றில் அரை மணியில் காய்ந்துவிடுகிறது, உப்போடு. தெருமுனையில் ஒரு புளியமரம் நிற்கிறது. இவர்கள் புளியைச் சர்க்கரையில் உருட்டி மிட்டாயாகத் தின்கிறார்கள். நான் பொறுக்கி வந்து ரசம் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலி மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜூன் 21, புதன்

வேலை கிடைத்துவிட்டது. சம்பளம் இல்லை, ஒரு மேஜையும் காற்றாடியும் உண்டு.

பேரிடர் அலுவலகத்தின் தலைவி வெர்னா, செண்பகத்தின் கல்லூரிக்கு முதலுதவி பற்றிப் பேச வந்திருக்கிறாள். என் வீட்டுக்காரர் சும்மாதான் இருக்கிறார் என்று இவள் போட்டுக்கொடுத்துவிட்டாள். இந்தத் தீவைத் தாக்கிய புயல்களின் முழுப் பட்டியல் இதுவரை யாரிடமும் இல்லையாம். அரசாங்கத்திடம் பத்தொன்பது இருக்கிறது. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் மாதாகோயில் பதிவேடுகளிலும், கரும்புத் தோட்டத்துக் கடிதங்களிலும், கப்பல்காரர்களின் குறிப்புகளிலும் கிடக்கிறது. அதையெல்லாம் தேடி எடுத்துத் தர வேண்டும். சங்கரலிங்கம் என்று முழுசாகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மிஸ்டர் லிங்கம் ஆகிவிட்டேன்.

கட்டம் போட்டுவிட்டேன்: வருஷம், தேதி, காற்று, கடல் ஏறிய உயரம், சாவு, குறிப்பு.

ஜூலை 9, ஞாயிறு

முப்பத்திமூன்று புயல் ஆகிவிட்டது. பழைய பாதிரியார்கள் போன உயிர்களை ஒரு வரியிலும் போன கூரையை ஒரு பக்கத்திலும் எழுதுகிறார்கள். எனக்குத் தேவையான கடல் உயரத்தைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

இன்று ஒரு போலிப் புயலைப் பிடித்தேன். 1744-ல் பதினொரு நாள் இடைவெளியில் இரண்டு பெரும் புயல் அடித்ததாக எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஒன்றை எழுதியவர் பிரெஞ்சுப் பாதிரியார், இன்னொன்றை எழுதியவர் இங்கிலீஷ்காரக் கப்பல்காரர். அந்தக் காலத்தில் இரண்டு பேர் நாட்காட்டிக்கும் பதினொரு நாள் வித்தியாசம். அடித்தது ஒரே புயல். இருநூற்றைம்பது வருஷமாக இதை யாரும் பார்க்கவில்லை. வெர்னா எழுந்து நின்று கைகொடுத்தாள். வீட்டுக்கு வந்து செண்பகத்திடம் மூன்று தரம் சொன்னேன். மூன்றாவது தரம் அவள் தூங்கிவிட்டாள்.

ஜூலை 25, செவ்வாய்

கடல் உயரம் கிடைத்துவிட்டது, அதுவும் கல்லில்.

தெற்கே அன்ஸ் ரூஜ் என்ற மீனவக் கிராமம். கடற்கரைச் சாலையை ஒட்டிச் சின்னதாக ஒரு மாதாகோயில். அதன் சுவரில் ஒரு கல்லில் கிடைமட்டமாக ஒரு கோடு வெட்டி, கீழே '1843, கடல் இதுவரை' என்று பிரெஞ்சில் பொறித்திருக்கிறார்கள். தீவின் வரலாற்றிலேயே பெரிய புயல் அது. கோயில் சாவி மார்செல்லா என்ற மீன் விற்கும் பெண்ணிடம் இருக்கிறது. நாற்பது வயதிருக்கும், செதில் ஒட்டிய கையோடு வந்து திறந்துவிட்டாள். உள்ளே போகிறவர்கள் ஆளுக்கொரு கல்லைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். நம் ஊரில் வாசற்படியைத் தொடுவது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

பொதுப்பணித் துறையில் மட்டக் கருவி இரவல் வாங்கிப் போயிருந்தேன். கோடு கடல் மட்டத்துக்கு மேலே 2.1 மீட்டர். கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் தரை 3.4 மீட்டர். மூன்று தரம் அளந்தேன். கையில் மட்டக் கருவி இருந்தால் எனக்கு இன்னும் முதுகு வலிப்பதில்லை.

நம் ஊரில் அளவைக் கல்லை ஒருவன் நகர்த்தினால் அவன் மேல் கேஸ் போடலாம். நானே நாலு பேர் மேல் போட்டிருக்கிறேன். கல் சொன்னால் சொன்னதுதான்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

என் அளவை வைத்து அன்ஸ் ரூஜ் பள்ளிக்கூடத்தைப் புயல் முகாமாக அறிவித்துவிட்டார்கள். இதுவரை அந்த ஜனங்கள் மேட்டில் இருக்கும் பழைய சர்க்கரை ஆலைக்கு ஏறிப் போய்க்கொண்டிருந்தார்களாம். நாலடிக் கனச் சுவர்தான், ஆனால் செங்குத்தான மண் சாலை, நடுவில் ஓடையின் மேல் ஒரு தரைப்பாலம். கிழடுகளுக்குக் கஷ்டம். இனி வேண்டாம்.

கிராமத்தில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. மார்செல்லாவின் தகப்பனார் தியடோர் எழுபத்தொரு வயது மீன்காரர், ஒரு கால் சற்று இழுக்கும். என்னைக் கண்டால் தொப்பியைக் கழற்றி, "எங்க கல்லைப் படிக்கத் தெரிஞ்சவர் வாரார்" என்கிறார். போன வாரம் ஒரு மீனை வாழையிலையில் சுற்றி என் கையில் திணித்தார். நான் சைவம் என்று சொல்ல மனம் வரவில்லை. வாங்கிக்கொண்டு வந்து பக்கத்து வீட்டில் கொடுத்தேன்.

புயல் வந்தால் அந்த முகாமுக்கு டாக்டராகச் செண்பகத்தைப் போட்டிருக்கிறார்கள். சாப்பிடும்போது அவள் கேட்டது: "நல்லா அளந்தியளா? கல்லு, தரை எல்லாம்?"

மூன்று தரம் அளந்தேன் என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவள் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். அந்தக் குளத்து விஷயம். இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 24, வியாழன்

ஆப்பிரிக்கப் பக்கமிருந்து ஒன்று கிளம்பி வருகிறது. பெயர் வைத்துவிட்டார்கள். கடையில் பலகை, ஆணி, மெழுகுவத்தி எல்லாம் காலி. எனக்கு இரண்டு டார்ச் பேட்டரியும் பதினாறு டின் பட்டாணியும் கிடைத்தன.

'செயின்ட் ஓடில் தீவின் புயல்கள்' அச்சாகி வந்துவிட்டது. நாற்பத்தொரு புயல், அட்டையில் கல்லின் படம், உள்ளே என் முழுப் பெயர், பிழையில்லாமல். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மந்திரி வெளியிடுகிறார். சட்டை இஸ்திரி போட வேண்டும்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

புயல் வடக்கே எண்பது மைல் தள்ளிப் போகும் என்று மத்தியானம் ரேடியோவில் சொன்னார்கள். ஆனாலும் ஜாக்கிரதைக்காக நாளை விடிந்ததும் முகாம்களைத் திறக்கிறார்கள். நான் அன்ஸ் ரூஜ் போயிருந்தேன். மார்செல்லா கோயில் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தாள். பலகையைப் பிடித்துக்கொண்டேன். முடித்ததும் அவள் வழக்கம்போல ஒரு கல்லைத் தொட்டுக் கும்பிட்டாள். ஏன் எப்போதும் அதே கல் என்று கேட்டேன். பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"இது எங்க வீட்டுக் கல்லு. அந்தக் காலத்துல கோயில் மேட்டுச் சரிவுலதானே இருந்துச்சு, ஆலைக்குக் கீழ. ஆலை மூடுனதும் சனங்க எல்லாம் மீன்பிடிக்க இங்க இறங்கிட்டாங்க. வீட்டுக்கு ஒரு கல்லுன்னு சுமந்து வந்து திரும்பக் கட்டினது இது. இதை என் கொள்ளுப்பாட்டி தலையில வெச்சுக் கொண்டாந்தாங்க."

கோடு போட்ட கல்லை யார் கொண்டுவந்தது என்று கேட்டேன். ஜோசப் வீட்டார், ஒரு கதவின் மேல் வைத்து ஆறு பேராகத் தூக்கி வந்தார்களாம். ஊருக்கே தெரியும் என்றாள். நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. இங்கே புயலுக்குப் புயல் வீட்டையே பெயர்த்து இடம் மாற்றுகிறார்கள். அதை ஏழெட்டுப் பதிவேட்டில் நானே படித்திருக்கிறேன்.

பழைய கோயிலின் அடித்தளம் இன்னும் மேட்டுச் சரிவில் புல்லுக்குள் இருக்கிறது. ஏறிப் போய்ப் பார்த்தேன். அங்கே சுவரில் இதே உயரத்தில் கோடு இருந்திருந்தால் கடல் ஏறியது ஆறு மீட்டர். பள்ளிக்கூடத்துக்குள் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும்.

இறங்கி வரும்போது தியடோர் படகைத் தென்னையில் கட்டிக்கொண்டிருந்தார். கை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். புயல் எப்படியும் வடக்கே போகிறது. மந்திரி வந்து புத்தகத்தை வெளியிட்டுப் போன பிறகு வெர்னாவிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். ஒரு ராத்திரியில் என்ன ஆகிவிடப்போகிறது.

ஆகஸ்ட் 28, திங்கள். மாலை நாலு மணி, சர்க்கரை ஆலை

பேனா இருக்கிறது, நோட்டு இருக்கிறது, செய்ய வேறு ஒன்றும் இல்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆறு மணிக்குச் செண்பகம் கல்லூரி வண்டியில் அன்ஸ் ரூஜ் முகாமுக்குப் போனாள். நான் தடுக்கவில்லை. பத்து மணிக்கு மந்திரி வந்தார். கல்லைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார். கை தட்டினார்கள். பத்து நாற்பதுக்கு வெர்னாவின் போன் அடித்தது. புயல் திரும்பிவிட்டது, இன்றிரவு நேராகத் தீவின் தெற்குக் கரை. மந்திரி புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பதினொரு மணிக்கு வெர்னாவிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "நிச்சயமாத் தெரியுமா? மேட்டுல காத்து அதிகம். நீங்க சொல்றது தப்புன்னா முந்நூறு பேரைப் பாதி வழியில காத்துக்குக் குடுத்த மாதிரி ஆயிடும்" என்று மட்டும் கேட்டாள். நிச்சயம் என்றேன். எப்போது தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வெர்னாவும் நானும் அன்ஸ் ரூஜ் போனோம். முந்நூற்றுப் பத்துப் பேர் விடியற்காலையிலேயே வந்து பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துச் சமையலும் முடித்துவிட்டார்கள். கிளம்ப மாட்டேன் என்றார்கள். கல்லே சொல்கிறது, நீங்கள்தானே படித்துச் சொன்னீர்கள் என்றார்கள். ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று, நான் தப்பாக அளந்துவிட்டேன், கல் இடம் மாறியது எனக்குத் தெரியாது என்று சொன்னேன். யாரோ சிரித்தார்கள். அப்படிச் சொல்லாமல் கூட்டம் நகர்ந்திருக்காது. முதலில் எழுந்து பாயைச் சுருட்டியவர் தியடோர்.

இரண்டே லாரி. மழை பிடித்துக்கொண்டது. பெண்களும் பிள்ளைகளும் முதலில் போனார்கள். என்னை வழி காட்டவும் ஆலைக்குள் இடம் பிரிக்கவும் முன் லாரியில் ஏற்றினாள் வெர்னா. மார்செல்லா தன் மூன்று பிள்ளைகளோடு அதில்தான் வந்தாள். ஐந்து நடை ஓடியது. இரண்டு மணிக்குத் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போக ஆரம்பித்து, ஆறாவது நடைக்குப் போன லாரி திரும்பி வந்துவிட்டது.

கீழே பன்னிரண்டு பேர் நின்றுவிட்டார்கள். நடக்க முடியாதவர்கள் சிலர், அவர்களை விட்டு வர மாட்டேன் என்றவர்கள் சிலர். தியடோர் தன் இடத்தை ஒரு கர்ப்பிணிக்குக் கொடுத்துவிட்டு அடுத்த லாரியில் வருகிறேன் என்றாராம். செண்பகம் டாக்டர், ஆகையால் கடைசி லாரியில்தான் வருவேன் என்றாளாம்.

நேற்று மாலை சொல்லியிருந்தால் எல்லோரும் விடியும்போதே நேராக இங்கே ஏறியிருப்பார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

காற்று ஓயவில்லை. செண்பகம் கீழே இருக்கிறாள்.

ஆகஸ்ட் 30, புதன்

காலை ஓடையைக் கயிறு பிடித்துக் கடந்தோம். கிராமத்தில் சாலை எது, முற்றம் எது என்று தெரியவில்லை. கோயில் இல்லை. பள்ளிக்கூடத்துச் சுவர்கள் நிற்கின்றன. கான்கிரீட் கூரை மேல் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி அதைப் பிடித்தபடி மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணினேன். பதினொன்று. செண்பகம் ஒரு பாட்டியின் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. காது அடைத்திருந்தது என்று பிறகு சொன்னாள்.

நடந்ததை மற்றவர்கள் சொன்னார்கள். இருட்டிய பிறகு தண்ணீர் வாசலில் ஏறியது. தியடோர் மேஜைகளை அடுக்கி, மேல் ஜன்னலை உடைத்து, ஒவ்வொருவராகத் தோளில் ஏற்றிக் கூரைக்கு அனுப்பினார். படகுக் கயிற்றை இடுப்பில் சுற்றி வைத்திருந்தாராம். அதை மேலே எறிந்து தொட்டியில் கட்டச் சொன்னார். பதினொன்றாவது செண்பகம். அடுத்து அவரே ஏற வேண்டும். அடுக்கிய மேஜைகள் சரிந்துவிட்டன.

சாயங்காலம் தென்னந்தோப்பில் கிடைத்தார்.

செப்டம்பர் 3, ஞாயிறு

அளந்தேன். பள்ளிச் சுவரில் சேற்று வரி கடல் மட்டத்துக்கு மேலே 5.6 மீட்டர்.

வீட்டில் கரண்ட் இல்லை, கூரைத் தகடு இரண்டு போய்விட்டது. டின் பட்டாணிதான் மூன்று வேளையும். சமையலறையில் சேறு வாரினேன். செண்பகத்துக்கு இரண்டு கை விரல்களிலும் கயிறு அறுத்த புண். நான்தான் ஊட்டிவிடுகிறேன். வாயைத் திறக்கிறாள், பேசுவதில்லை.

செப்டம்பர் 8, வெள்ளி

அரசாங்க அறிக்கை வந்துவிட்டது. 'தீவின் தெற்குக் கரையில் சாவு ஒன்று. மிஸ்டர் சங்கரலிங்கம் தமது பிழையைக் கண்டுபிடித்த உடனே தெரிவித்ததால் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர் காப்பாற்றப்பட்டனர்.' வெர்னா என்னை ஒரு நன்றிக் கூட்டத்துக்கு வரச் சொன்னாள். வயிற்றுக்குச் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 12, செவ்வாய்

அறிக்கையை மேஜையிலேயே வைத்திருந்தேன். செண்பகம் படித்துவிட்டாள்.

"உடனேன்னு போட்டிருக்கான். உங்களுக்கு ஞாயித்துக்கிழமையே தெரியும்லா?"

எப்படி என்று கேட்டேன்.

"அன்னைக்குத் தட்டுல சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்திய. இஸ்திரி போட்ட சட்டைக்கே திரும்பத் திரும்ப இஸ்திரி போட்டிய. குளம் உடையதுக்கு முன்னாலயும் ஒரு வாரம் இப்படித்தான் இருந்திய. கரை மட்டம் தப்புன்னு தெரிஞ்சும் மேலதிகாரிட்ட சொல்லாம. அப்பம் மூணு பேரு."

அவள் கட்டுப் போட்ட கையால் தம்ளரை எடுக்கப் பார்த்து, முடியாமல் வைத்துவிட்டாள்.

"என்னமோ இருக்குன்னு எனக்கும் தெரிஞ்சுது. நானும் கேக்கல. காலைல எந்திச்சுப் போயிட்டேன். அந்த மனுஷன் தோள்ல ஏறித்தான் நான் இப்பம் உங்ககிட்டப் பேசுதேன். அவரு மகட்ட நீங்க சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

செப்டம்பர் 20, புதன்

எட்டு நாள் தள்ளிப் போட்டுவிட்டு இன்று போனேன். பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது, ஓடைக்கரை வரைக்கும். அங்கிருந்து நடந்தேன்.

மார்செல்லாவின் வீட்டில் மூன்று சுவர்தான் மிச்சம். அடுப்புக்குள்ளிருந்து மணலை அள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டாள். பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொன்னேன். அவர்களும் கேட்கட்டும் என்றாள்.

சொன்னேன். அவள் வாயிலிருந்து கேட்ட அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, மேடேறிப் பார்த்து நிச்சயம் செய்துகொண்டேன், மறுநாள் பதினொரு மணிவரை யாரிடமும் சொல்லவில்லை, நடுவில் பதினெட்டு மணி நேரம் இருந்தது என்று சொன்னேன். தியடோர் படகு கட்டும்போது எனக்குக் கையாட்டியதையும் சொன்னேன்.

பிறகு அன்று இரவு என்ன செய்தேன் என்று கேட்டாள். சாப்பிட்டேன், நாட்குறிப்பு எழுதினேன் என்றேன். அது எங்கே என்று கேட்டாள். பைக்குள்தான் இருந்தது. ஒரு சாட்சியைக் கூட்டிப்போகிற மாதிரி எடுத்துப் போயிருந்தேன், அதை அவளிடம் காட்டும் எண்ணம் எனக்கு இருந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

"படிச்சுக் காட்டுங்க."

இங்கிலீஷில் மாற்றி மாற்றிப் படித்தேன். பலகை அடித்தது, கல், கதவின் மேல் தூக்கிய ஆறு பேர், மேட்டில் இருந்த அடித்தளம், அவள் தகப்பனார், சாப்பாடு, இஸ்திரி. நோட்டை மூடினேன்.

அவள் கையை நீட்டி நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். ஓர் எழுத்தும் அவளுக்குத் தெரியாது. நான் நிறுத்திய இடத்தைக் கவனித்திருக்கிறாள். அதற்குக் கீழே விரலை வைத்தாள். விரலுக்கடியில் மூன்று வரி இருந்தது.

"இன்னும் எழுதியிருக்கே, மிஸ்டர் லிங்கம்."

படித்தேன். புயல் எப்படியும் வடக்கே போகிறது. மந்திரி வந்து புத்தகத்தை வெளியிட்டுப் போன பிறகு வெர்னாவிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். ஒரு ராத்திரியில் என்ன ஆகிவிடப்போகிறது.

மூத்த பெண் அழ ஆரம்பித்தாள். மார்செல்லா அழவில்லை. நோட்டை என் மடியில் திரும்ப வைத்து, இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள், இந்தத் தடவை மெதுவாக. படித்தேன்.